மனநல ஆராய்ச்சிக்குப் போக டாக்டராக இருந்தே ஆக வேண்டுமா?

மருதாணி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) முடித்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு அரசு மருத்துவமனையில் ஆலோசகராக இருக்கிறேன், ஒப்பந்த வேலைதான். போன மாதம் ஒரு அம்மா வந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சப்பை. அதற்குள் பழைய ஓ.பி. சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன், பதினோரு சீட்டு. தலைவலி, முதுகுவலி, தூக்கமில்லை, கிறுகிறுப்பு, மறுபடியும் தலைவலி. எல்லாவற்றிலும் அதே வலி மாத்திரை, அதே சத்து மாத்திரை. பதினோரு முறை பஸ் ஏறி வந்திருக்கிறார், ஒரு முறைகூட யாரும் "வீட்ல என்னம்மா நடக்குது" என்று கேட்கவில்லை. பன்னிரண்டாவது முறை எக்ஸ்ரே அறைக்கு வழி தெரியாமல் என் அறைக்குள் நுழைந்ததால்தான் என்னிடம் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பேசினார்.

அவருக்கு என்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து ஓ.பி. வரிசையைக் கடந்து போகும்போதெல்லாம், இதில் இன்னும் எத்தனை பேர் இப்படி நிற்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒவ்வொருவராகப் பார்த்து முடிகிற காரியம் இல்லை இது. இதை எண்ண வேண்டும், எண்ணியதை யாரிடமாவது கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும், ஏதாவது மாற வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் பொது சுகாதார ஆராய்ச்சி என்று தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மனநல ஆராய்ச்சியில் பெயர் பெற்ற விக்ரம் பட்டேல் பற்றியும் படித்தேன். ஆனால் அவர் மனநல மருத்துவர். எங்கள் துறையில் விசாரித்தால் "எம்.டி. இல்லாம ரிசர்ச்சா? டேட்டா கலெக்டரா போகலாம், அதோட சரி" என்கிறார்கள்.

எனக்கு வயது 28. வீட்டில் நிலையான வேலை பார் என்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: டாக்டர் இல்லாதவர்களுக்கு உள்ளே இடம் உண்டா? தினமும் என்ன செய்வீர்கள்? எங்கிருந்து தொடங்குவது?

செல்வி_களப்பணி:

மருதாணி, உங்கள் பதினோரு சீட்டைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நான் பி.ஏ. வரலாறு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாள் சம்பளத்துக்குக் கேள்வித்தாள் நிரப்பப் போனவள், இன்று ஒரு ஆய்வில் களப்பணி ஒருங்கிணைப்பாளர். ஆகவே இடம் உண்டு. "டேட்டா கலெக்டர், அதோட சரி" என்று சொன்னவர்கள் களத்துக்கு வந்து பார்த்ததில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் முதல் ஆய்வில் மனச்சோர்வை அளக்க இங்கிலீஷில் இருந்து மொழிபெயர்த்த ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். "கடந்த இரண்டு வாரங்களில் நம்பிக்கை இழந்ததாக உணர்ந்தீர்களா?" என்று ஒரு கேள்வி. ஒரு பாட்டியிடம் கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ, அப்படிச் சொல்லாதே தாயி, மாரியாத்தா மேல நம்பிக்கை போகுமா" என்றார். தாளில் 'இல்லை' என்று குறித்தேன். குறித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார், மகன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த 'இல்லை' பொய் என்று எனக்குத் தெரியும், ஆனால் கணக்கில் அதுதான் ஏறும். இன்னொரு கேள்வியில் "வேலைகளில் இன்பம் குறைந்ததா" என்று இருந்தது. இன்பம் என்ற சொல்லைக் கேட்டதும் கல்யாணமான பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், யாரும் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் அறைக்குத் திரும்பி நாங்கள் ஆறு பேரும் நோட்டில் எழுத ஆரம்பித்தோம், எந்தக் கேள்விக்கு எந்த ஊரில் என்ன பதில் வந்தது, அவர்களாக என்ன சொல் சொல்கிறார்கள் என்று. "மனச்சோர்வு" என்ற சொல்லை ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. "மனசு விட்டுப்போச்சு", "வெறுத்துப்போச்சு", "எதுலயும் மனசு ஓடல", "சும்மா யோசனையாவே இருக்கு". கடைசியில் அந்த நம்பிக்கைக் கேள்வியை "இனிமே என்ன இருக்குன்னு தோணுச்சா?" என்று மாற்றினோம். அதே பாட்டியிடம் போனபோது, கேள்வி முடிவதற்குள் "தினமும்" என்றார்.

தினசரி வேலை எது என்று கேட்டீர்களே, இதுதான். காலை ஆறு மணிக்கே ஊருக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டினால் "கையெழுத்து போட்டா ஏதாவது திட்டத்துல இருந்து பேரை எடுத்துருவீங்களா" என்று கேட்பார்கள், அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். மருமகளிடம் பேசப் போனால் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அதற்கு இரண்டு பேராகப் போவோம். ஒருவர் திண்ணையில் மாமியாரிடம் "ரேஷன் கார்டைக் கொஞ்சம் காட்டுங்கம்மா, வீட்ல எத்தனை பேரு" என்று ஆரம்பிக்க, இன்னொருவர் மருமகளைக் கொல்லையில் துணி துவைக்கிற கல் பக்கம் கூட்டிப்போய்விடுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற கேள்விக்கு யாராவது ஆமாம் என்றால் அங்கேயே கேள்வித்தாளை மூடிவிட வேண்டும். யாரை அழைப்பது, அன்றைக்கே எந்த மருத்துவரிடம் சேர்ப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிப் பையில் இருக்க வேண்டும். 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களும் அச்சடித்த அட்டை இல்லாமல் நாங்கள் இறங்குவதில்லை.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லியாக வேண்டும். அந்த முதல் ஆய்வின் கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் பட்டியலில் பதினான்கு பெயர். எங்கள் ஆறு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. நாங்கள் நோட்டில் எழுதிய சொற்கள் மட்டும் அட்டவணையாக அதில் இருந்தன. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது. பிறகுதான் விதியைப் படித்தேன். மருத்துவ இதழ்களில் ஆசிரியராக இருக்க ஆய்வில் கணிசமான பங்கு மட்டும் போதாது, வரைவை எழுதவோ திருத்தவோ வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், பொறுப்பேற்க வேண்டும். வரைவையே கண்ணில் காட்டாவிட்டால் எப்படித் திருத்துவது? ஆகவே எந்த ஆய்வில் சேர்ந்தாலும் முதல் மாதமே கேளுங்கள், "கட்டுரை வரைவு எனக்கும் வருமா?" என்று. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதால் யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இப்போது மூன்று கட்டுரைகளில் என் பெயர் இருக்கிறது.

வைகைக்கரை:

நான் மனநல மருத்துவர். செல்வி அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை, ஆனால் விக்ரம் பட்டேல் பெயர் வந்ததால் எழுதுகிறேன். அவர் கதையைப் பெரும்பாலும் விருதுகளில் இருந்து தொடங்குகிறார்கள், ஹார்வர்ட், 2019-ல் கெய்ர்ட்னர் விருது என்று. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு.

1990-களின் தொடக்கத்தில் அவர் ஜிம்பாப்வே போனார். மனச்சோர்வு என்பதே மேற்கத்தியர்கள் உருவாக்கி மற்றவர்கள் மேல் ஏற்றியதோ என்ற சந்தேகத்தோடுதான் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் தலைநகர் ஹராரேயில் நாட்டு வைத்தியர்களிடமும் நர்ஸுகளிடமும் நோயாளிகளிடமும் உட்கார்ந்து, உங்கள் ஊரில் மனசு கஷ்டத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். ஷோனா மொழியில் அவர்கள் சொன்ன சொல் குஃபுங்கிசிசா. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். மேலே அக்காவின் நோட்டில் இருந்த "சும்மா யோசனையாவே இருக்கு" வரியைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, அதே சொல்தான். அப்படிச் சொன்னவர்களை விசாரித்தபோது தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று நாம் மனச்சோர்வு என்று படித்த அதே அறிகுறிகள் இருந்தன. போகும்போது இருந்த சந்தேகத்தை அவர் மாற்றிக்கொண்டார். அந்த மக்களின் சொற்களை வைத்தே 14 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உருவானது.

இப்போது பத்துப் பன்னிரண்டு வருடம் தள்ளி வாருங்கள். அதே ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண் மருத்துவமனைக்கு வர 15 டாலர் பஸ் காசு இல்லாமல் வராமலே போய், இறந்துவிட்டார். அதன் பிறகு மருத்துவமனையில் உட்கார்ந்து காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று முடிவு செய்தார். கையில் பணம் இல்லை, ஆள் இல்லை. 2006-ல் ம்பாரே என்ற பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதுதான். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து முறையான ஆய்வு செய்து, பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது என்று நிரூபித்த கட்டுரை வந்தது 2016-ல். பெஞ்ச் போட்டு பத்து வருடம் கழித்து! அந்த ஆய்வில் மாற்றத்தை அளக்கப் பயன்பட்டது 1990-களில் கேட்டுக் கேட்டு உருவாக்கிய அதே 14 கேள்விகள்தான். ஒருவர் காது கொடுத்துக் கேட்டது, இருபது வருடம் கழித்து இன்னொருவர் கைக்கு அளவுகோலாக வந்து சேர்ந்திருக்கிறது.

இடையில் பட்டேல் கோவாவில் 1996-ல் சங்கத் என்ற அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். அங்கே டாக்டர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு ஆலோசகர் பயிற்சி கொடுத்து, 24 மருத்துவ நிலையங்களில் ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்கள் நன்றாகக் குணமானார்கள், தனியார் டாக்டர்களிடம் போனவர்களிடம் வித்தியாசமே தெரியவில்லை. சாதகமில்லாத பாதியையும் அப்படியே எழுதினார்கள். இந்த நேர்மையை நான் என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவேன்.

நம் ஊரிலும் பாருங்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. 1981-82-ல் முதன்முதலாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்த 90 பேரைப் பதிவு செய்து, டாக்டர் தாராவும் குழுவும் 25 வருடம் பின்தொடர்ந்தார்கள். வீடு மாறியவர்கள், பெயர் மாறியவர்கள், இறந்தவர்கள் என ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்த மாதிரி ஆய்வுகள் எல்லாமே சமூகப் பணியாளர்களின் கால்களில்தான் நிற்கின்றன. பட்டேல் குழுவும் ஸ்கார்ஃபும் சேர்ந்து மூன்று மாநிலங்களில் 282 பேரிடம் செய்த ஆய்விலும், வீடு தேடிப் போய்ச் சிகிச்சையைத் தொடர உதவியவர்கள் டாக்டர் அல்லாத சமூக சுகாதாரப் பணியாளர்களே. 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, முழுதும் படியுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: மருந்து எழுத மருத்துவப் பட்டம் வேண்டும். கேள்வி கேட்க அது தேவையில்லை.

மருதாணி:

அக்கா, சார், இரண்டு பேருக்கும் நன்றி. "யோசனை" விஷயத்தைப் படித்ததும் அந்த அம்மாவின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியிருப்பது "மனச்சோர்வு, பதற்றம்". அவர் என்ன சொல் சொன்னார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது.

ஒரு சந்தேகம். ஆலோசனை கொடுப்பதற்கும் பொது சுகாதாரத்துக்கும் என்ன வித்தியாசம்? நான் செய்வதையே நூறு பேர் செய்தால் அது பொது சுகாதாரம் ஆகிவிடுமா?

எண்ணும்_எழுத்தும்:

நல்ல கேள்வி. நான் உயிர்ப் புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுகளுக்கான கணக்கு, படித்தவன், மனநலம் தற்செயலாகத்தான் வந்து சேர்ந்தது, இப்போது விட மனமில்லை.

நூறு ஆலோசகர்கள் வேண்டும்தான். 2015-16-ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களைப் பார்த்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். நூறு பேர் என்ன, ஆயிரம் பேர் வந்தாலும் தீராது. ஆகவே பொது சுகாதாரக்காரர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று, இந்தத் துன்பம் எங்கே உருவாகிறது, அங்கேயே ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறார்.

இதற்கு என் மனதில் நிற்கும் பெயர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர், அங்கே தன்னார்வலர்கள் போனில் பேசுகிறார்கள், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பொதுத் தேர்வில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருடம் வீணாகிவிட்டதே என்று உடைந்து போகிறார்கள், ஒரு மாதத்தில் மறுதேர்வு வைத்தால் அந்த வருடம் போகாதே என்று அவர் வாதாடினார். உடனடித் துணைத்தேர்வு இன்று நமக்குச் சாதாரண விஷயம், அதை மனநல வேலை என்று யாரும் நினைப்பதே இல்லை. அப்புறம் காட்டுமன்னார்கோவில் பக்கம் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு. இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில், விவசாயி ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டுப் பெட்டி என்று வைத்தார்கள். மற்ற இரண்டிலும் வழக்கம்போல விட்டு ஒப்பிட்டார்கள். கோபமும் வேதனையும் உச்சத்தில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், பலர் பிழைத்துக்கொள்வார்கள். இலங்கையில் இதே எண்ணத்தை வேறு வழியில் நாடு முழுக்கச் செய்தார்கள். 1995-ல் லட்சத்துக்கு 47 பேர் அளவில் தற்கொலை இறப்பு இருந்த நாடு அது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துவர, அடுத்த இருபது வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. அந்த உயிர்களில் பெரும்பாலானோர் ஓர் ஆலோசகரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படிப்பு பற்றி: எம்.பி.எச். (பொது சுகாதாரத்தில் முதுகலை) படியுங்கள், எங்கே என்றாலும் நோய்ப் பரவலியலும் (எபிடெமியாலஜி) புள்ளியியலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற இடமா என்று விசாரித்துச் சேருங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவின் அச்சுத மேனன் மையம் பழையது, நல்ல இடம், தகுதி விதிகளை அவர்கள் தளத்திலேயே பாருங்கள். கணக்கு பயமாக இருந்தால் முதலில் ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், பின்னத்தில் கீழே போடுகிற எண் எது என்று. பதினோரு சீட்டு மேலே இருக்கிற எண். மொத்தம் எத்தனை பேர் ஓ.பி.க்கு வந்தார்கள் என்பது கீழே. கீழே இருப்பது தெரியாமல் மேலே இருப்பதை வைத்து யாரையும் நம்ப வைக்க முடியாது.

நெய்தல்:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறார்கள், நான் விட்டுவிட்டு வந்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன். ஆறு வருடம் இருந்தேன். நிதி வந்தால் வேலை, முடிந்தால் வீடு. ஐந்து ஒப்பந்தம் மாறினேன், ஒவ்வொரு தடவையும் பதினோரு மாதம், நடுவில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல். பிரசவ விடுப்பு என்று ஒன்று எனக்குக் கிடைக்கவே இல்லை. அதைவிட, நாள் முழுக்க மற்றவர்கள் துயரத்தைக் கேட்டுவிட்டு லாட்ஜ் அறையில் தனியாகப் படுத்திருந்த இரவுகள் பல. எங்கள் குழுவில் களப்பணியாளர்களின் மனநிலையை யாரும் விசாரித்ததில்லை, மனநல ஆய்வுக் குழுவிலேயே! வேலையின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. மருதாணி, சேருவதற்கு முன் மூன்று கேளுங்கள்: நிதி எத்தனை வருடத்துக்கு, விடுப்பு உண்டா, வாரம் ஒரு தடவை மனம்விட்டுப் பேச மேற்பார்வையாளர் நேரம் தருவாரா. மூன்றாவதற்குத் தயங்கினால் அங்கே போகாதீர்கள்.

செல்வி_களப்பணி:

நெய்தல் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் குழுவில் இப்போது சனிக்கிழமை காலை களத்துக்குப் போவதில்லை, டீ வாங்கி வைத்துக்கொண்டு அந்த வாரம் யாருக்கு எந்த வீடு மனதில் நின்றுவிட்டது என்று பேசுவோம். இதற்கே நாங்கள் மூன்று வருடம் சண்டை போட வேண்டியிருந்தது.

மருதாணி:

நெய்தல், அந்த மூன்று கேள்விகளையும் எழுதி வைத்துக்கொண்டேன். வேலையை உடனே விடப்போவதில்லை. அடுத்த வருடம் எம்.பி.எச். விண்ணப்பம். அதுவரைக்கும் இருக்கிற இடத்திலேயே ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் ஓ.பி. பதிவேட்டைப் பார்த்து, ஆறு மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் வலி என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால்? கீழே போட மொத்த எண்ணும் அதே பதிவேட்டில் இருக்கிறது. பெயர் எதுவும் எடுக்க மாட்டேன். நானாகத் தொடங்கலாமா?

வைகைக்கரை:

நல்ல கேள்வி, சிறியது, செய்து முடிக்கக்கூடியது. ஆனால் நீங்களாகத் தொடங்காதீர்கள். பெயர் எடுக்காவிட்டாலும் அது நோயாளிகளின் பதிவேடு, மருத்துவமனைத் தலைமையின் அனுமதியும் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) ஒப்புதலும் வாங்கிய பிறகுதான் முதல் பக்கத்தைப் புரட்ட வேண்டும். உங்கள் மருத்துவமனையில் கமிட்டி இல்லையென்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் இருக்கும். என்ன கேள்வி, எந்தப் பதிவேடு, எத்தனை மாதம், யார் பார்ப்பார்கள், எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். எண்ணும்_எழுத்தும், நீங்களும் கொஞ்சம் பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

எண்ணும்_எழுத்தும்:

அனுப்புங்கள். ஒரே ஆள் நான்கு தடவை வந்தாரா, நான்கு ஆள் வந்தாரா என்பதை அந்தப் பதிவேட்டில் எப்படிப் பிரித்தறிவீர்கள் என்பதை மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊர் ஓ.பி.யில் ஒவ்வொரு தடவையும் புது எண் போடுவார்கள்.